சர்ச் வாசலில் கழற்றிய ஷூ

மூன்று வருடங்களுக்கு முன், கொல்கத்தாவில் ஒரு டிசம்பர் மாதக் காலை. நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு பழைய சர்ச்சின் பக்கவாட்டுப் படியில் நடந்த விஷயம் இது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரில் பெஹாலா என்ற பகுதியில் சின்னதாக முறுக்கு, மிக்சர் கடை வைத்திருக்கிறோம். அப்போது மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டியிருந்தது. இங்கே பெரிய பள்ளிகளில் குழந்தையை மட்டும் கேள்வி கேட்டு விட்டுவிட மாட்டார்கள், அப்பா அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்னால் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டு ஆங்கிலத்தில் சில பதில்களை மனப்பாடம் செய்தேன். மிக்சர் பொட்டலம் கட்டும்போதும் “மை டாட்டர் இஸ் வெரி ஆக்டிவ்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். வாடிக்கையாளர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்டர்வியூவுக்கென்றே பளபளவென்று ஒரு கறுப்பு ஷூவும் வாங்கினேன். நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும்.

மனைவியும் மகளும் பின்னால் வருவதாக ஏற்பாடு. பஸ் கிடைக்காதோ, வழியில் ஊர்வலம் ஏதாவது மறித்துவிடுமோ என்று பயந்து நான் ரொம்ப முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். பள்ளிக்குப் பக்கத்தில்தான் அந்த சர்ச். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் பயந்தவனுக்கு எந்தச் சாமியாக இருந்தால் என்ன, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் மாதா கோயிலுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். இங்கேயும் பக்கவாட்டுப் படியில் செருப்பும் ஷூவும் வரிசையாக இருந்தன. என்னுடையதையும் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு சாக்ஸோடு உள்ளே போனேன். உள்ளே இருந்த நாலைந்து பேரும் செருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பக்தி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

உருகி வேண்டிவிட்டு வெளியே வந்தால் ஷூவைக் காணோம். படியைச் சுற்றிலும் ஒரே கூட்டம். சிலர் போர்வைகளைப் பிரித்துப் பார்த்தார்கள், சிலர் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பெங்காலி அம்மா கெட்டிலில் இருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது கீச் கீச்சென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். கைவண்டி இழுக்கிறவர் போல இருந்த ஒரு மனிதர் என் ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துபார்த்தார். நாலடிக்கு ஒருதரம் குனிந்து துண்டால் துடைத்தார்.

கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். கேட்டால் சண்டையாகுமோ, கூட்டம் சூழ்ந்துகொள்ளுமோ, போலீஸ் வந்துவிட்டால் இன்டர்வியூவுக்கு எப்படிப் போவது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே, அவர் குனிந்து என் சாக்ஸைப் பார்த்தார். முகம் அப்படியே இளகிப்போய்விட்டது.

“பாயி, லேட்டா வந்துட்டியே. நல்லதெல்லாம் சீக்கிரம் போயிடும். பாரு, எனக்கு எப்படி கிடைச்சிருக்குன்னு” என்று இந்தியில் சொல்லிக் காலை நீட்டிக் காட்டினார்.

நான் நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு அவரே எனக்கு விவரம் சொன்னார். குளிர்காலத்தில் அந்தப் படியில் கொடுக்கிறவர்கள் வைத்துவிட்டுப் போவார்களாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். வைத்தது யார், எடுத்தது யார் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்களாம். வெட்கப்படாதே என்று என் தோளைத் தட்டிவிட்டு, மிச்சம் கிடந்த குவியலைக் கிளறி என் கால் அளவுக்கு ஒரே ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தார். ஃபுட்பால் பூட்ஸ். ஆரஞ்சு நிறம், அடியில் குமிழ் குமிழாக. அவரே உட்கார்ந்து லேஸையும் கட்டிவிட்டார். டீ ஊற்றிய அம்மா ஒன்றும் கேட்காமல் என் கையிலும் ஒரு கப்பைக் கொடுத்தார். குடித்தேன்.

பள்ளிக்கூடத் தரையோ கண்ணாடி மாதிரி. டக் டக்கென்று வழுக்கி வழுக்கி வந்த என்னை என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னங்க இது? இன்டர்வியூக்கு வந்தியளா, மேட்ச் ஆட வந்தியளா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். “காலை மேசைக்கு அடியில வச்சுக்கிடுங்க. வாயத் தொறக்காதிய” என்று சொல்லியபடியே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் காலை மேசைக்கு அடியில் கொண்டுபோவதற்கு முன்பே பள்ளி முதல்வர் பார்த்துவிட்டார். வயதான பெங்காலிக்காரர். மகளைப் பற்றிக் கேட்கவில்லை, என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் எந்த கிளப் என்று கேட்டார். இந்த ஊரில் ஃபுட்பால் கிளப் என்றால் வீட்டுக்கு வீடு சண்டை. எதைச் சொன்னாலும் பாதி ஊர் பகையாகிவிடும். இவர் எந்தப் பாதி என்று எனக்கு எப்படித் தெரியும்? மனப்பாடம் செய்திருந்த பதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. மகளின் சீட் கண்ணெதிரே போவது போல இருந்தது. வேறு வழியில்லாமல் இந்தி, பெங்காலி எல்லாம் கலந்து நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், ஏன் ஷூவைத் திருப்பிக் கேட்கவில்லை என்றார். பயமாக இருந்தது என்றேன். கொஞ்சம் யோசித்து, அவருக்கு அது ரொம்பப் பொருத்தமாகவும் இருந்தது சார் என்றேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்காமல் மகளிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

மகளுக்கு இடம் கிடைத்தது. அவள் பாட்டுப் பாடியதால்தான் கிடைத்தது என்று என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள். அப்படியும் இருக்கலாம். பயப்படுகிற என் பழக்கமும் இன்னும் போகவில்லை. ஆனால், ‘நீ எதுவரை படித்திருக்கிறாய்’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று உள்ளுக்குள் நடுங்கும்போதெல்லாம், என்னை யார் என்றுகூடக் கேட்காமல் கால் அளவை மட்டும் பார்த்துக் குனிந்து லேஸ் கட்டிவிட்ட அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வருகிறது, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.