ஒருதரம் ஆஃப் பண்ணிப் போடுங்க

மாதம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். முப்பத்தெட்டு விநாடிக்கு ஒரு பீஸ். அதற்குள் கிளிப்பை அழுத்தி, டேப்பைச் சுற்றி, அடுத்தவள் பக்கம் தள்ளிவிட வேண்டும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. அந்த முப்பத்தெட்டு விநாடி அவள் உடம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உலை கொதிக்கும்போதும்.

போன மழைக்காலத்தில் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ஸ்டோர்ஸில் ஒரு இடம் காலியாகிறது என்று பேச்சு வந்தபோது, அங்கே அதிகாரியாக இருந்த குருமூர்த்தியிடம் போய் நின்றாள். வருகிற பெட்டிகளைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை, உட்கார்ந்து பார்ப்பது. எட்டாவதோடு நின்றவள் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து இருபது வரி தப்பில்லாமல் அடித்துக் காட்டினால் போதும் என்றார்.

தொட்டுப் பழக அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. கேட்டுக்கொள்ள ஆளும் கிடையாது. கணவன் திம்மராயன் ஆறு வருடத்துக்கு முன் அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். பிள்ளைகள் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்குமளவுக்குத்தான் கையில் போனஸ் இருந்தது. தப்பாக எடுத்துவிட்டால் அந்த நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான்.

பாகலூர் ரோட்டில், மாடியில் இருந்தது சாஜித்தின் கடை. பெங்களூர் ஆபீஸ்களில் கழித்துவிடும் கம்ப்யூட்டர்களை வாங்கி விற்பவன். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னான்; விற்றதைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லையாம். தலையாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் தனியாகத்தான் போனாள்.

"வீட்டுக்காரர் வரலியாக்கா?"

"வேலைக்குப் போயிருக்காரு."

அது முழுப் பொய்யும் இல்லை.

மேசைமேல் இருந்த இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளைக் காட்டினான். இரண்டும் ஒரே விலை. ஒன்றில் ஐ செவன் என்று ஸ்டிக்கர் மினுமினுத்தது. மற்றதில் ஐ த்ரீ. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று போனில் ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவள் கை ஐ செவன் பக்கம்தான் போயிற்று. எல்லாரும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்று அவனும் சொன்னான். காலையிலிருந்தே இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. எதைத் தட்டினாலும் இரண்டிலும் உடனே திறந்தது.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. கம்பெனியில் ஷிஃப்டின் முதல் பீஸை லைனில் விடமாட்டார்கள். தனியே எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். ஓடிச் சூடான மெஷினில் குறை தெரியாது.

"ரெண்டையும் ஒருதரம் ஆஃப் பண்ணிப் போடுங்க தம்பி."

"நல்லாதானேக்கா ஓடிட்டிருக்கு?"

"பரவால்ல. ஆஃப் பண்ணுங்க."

இவ்வளவு பேசியதே அவளுக்கு அதிகம். காது சுட்டது.

ஐ செவன் மெதுவாக எழுந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் விரல்கள் சேலை மடிப்புக்குள் இல்லாத கிளிப்பை அழுத்தின. மூன்றாவது பீஸைத் தள்ளிவிட்ட பிறகுதான் திரை நிறைந்தது. ஐ த்ரீயில் முதல் பீஸுக்கு டேப் சுற்றுவதற்குள் எல்லாம் தயார்.

"அது மூணு பீஸு, இது அரை பீஸு" என்றாள். சொன்ன பிறகுதான் அவனுக்கு இது புரியாதே என்று உறைத்தது. லைனில் நின்று பார்க்கிற வேலையையும் முப்பத்தெட்டு விநாடிக் கணக்கையும் விளக்கினாள். சாஜித் சிரித்துவிட்டு, இரண்டு பெட்டியின் மூடிகளையும் கழற்றினான்.

ஐ செவனுக்குள் இருந்தது சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். மற்றதில் இருந்தது எஸ்எஸ்டி, சுழல்கிற பாகமே இல்லாதது. ஐ செவனுக்குப் பக்கத்தில் வருகிற நாலு இலக்க எண் இரண்டில் தொடங்கியது. ஐ த்ரீயில் எட்டு.

"அந்த மொத நம்பர்தான்க்கா சிப்போட தலைமுறை. பேருதான் மூணு, ஆனா ஆறு தலைமுறை புதுசு. புது விண்டோஸும் இதுலதான் ஒழுங்கா ஏறும்."

ரேம் இரண்டிலும் எட்டு ஜிபி. அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: ரேம் என்பது கைப்பக்கத்து டிரே, டிஸ்க் என்பது ரேக். டிரே ஒரே அளவுதான். ஒன்றுக்கு ரேக் ஷெட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது, மற்றதற்குக் கைக்கெட்டும் தூரத்தில். சாஜித் எதையும் மறைக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஐ த்ரீயை எடுத்தாள். போர்வையில் சுற்றிய மானிட்டரை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மாலைதோறும் கையில் கிடைத்ததையெல்லாம் அடித்தாள்: பஸ் டிக்கெட் எண், மாத்திரை அட்டை எண், அரிசி மூட்டையில் இருந்த எழுத்து. அவள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஆறு கதவுகள். என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லை.

மாதம் முடிந்ததும் குருமூர்த்தி அவள் அடித்த இருபது வரிகளையும் இரண்டு முறை பார்த்தார். வேகம் போதாது, தப்பு ஒன்றும் இல்லை என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர்ஸுக்கு வந்துவிடச் சொன்னார். வெளியே வந்தபோது லைன் பெண்களின் பஸ் போயிருந்தது.

அறைக்கு வந்து போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளினாள். கடைசியில் கம்ப்யூட்டர் பில்லை எடுத்து, அதிலிருந்த கடை எண்ணை அழுத்தி, ஐ த்ரீ எடுத்தவள் என்று சொன்னாள்.

"ரிப்பேராக்கா? வாங்கறப்பவே சொன்னேனே" என்றான் சாஜித், விறைப்பாக.

"இல்ல தம்பி. நல்லா ஓடுது. எனக்கு ஸ்டோர்ஸ்ல வேல போட்டுட்டாங்க."

கடையில் யாரையோ கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

"அப்படியாக்கா. சந்தோஷம். உக்காந்து பாக்கற வேலையா?"

"ஆமா" என்றாள் மாதம்மாள். "உக்காந்துதான்."