சின்னக் கரண்டியும் அடங்காத என் கையும்

நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உணவியல் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நிலத்தையும் நீரையும் கெடுக்காமல் சாப்பிடுவது எப்படி என்பதுதான் என் பாடம். ஒரு பிடி சோறு வீணானால் அதோடு என்னென்ன வீணாகிறது என்று ஆரம்பித்தேனென்றால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன். வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்களை மன்னித்துவிடுவேன், மிச்சச் சோற்றில் கை கழுவுகிறவர்களை மன்னிக்கமாட்டேன்.

இறுதியாண்டு மாணவி ஒருத்தி இதையெல்லாம் நிஜமாகவே நம்பிவிட்டாள். விடுதியில் தினமும் எச்சில் வாளி நிரம்பி வழியக் காரணம் பெரிய சோற்றுக் கரண்டிதான், சின்னக் கரண்டியால் வைத்து, வேண்டியவர்கள் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டால் வாளி பாதிகூட நிரம்பாது என்பது அவள் ஆய்வு. நடையாய் நடந்து விடுதிக் காப்பாளரைச் சம்மதிக்க வைத்தாள். ஒரே ஒரு மதியம். வாளி குறைந்தால் கரண்டியை மாற்றலாம், இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

வழிகாட்டி என்ற முறையில் நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்போது ஒல்லியான முதலாண்டுப் பெண் ஒருத்தியின் தட்டைப் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் சோறு, ஓரத்தில் முட்டைப் பொரியல், மீதி எல்லாம் வெறும் எவர்சில்வர். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளி போதும் என்று சொன்ன பிறகுதான் பரிமாறவே ஆரம்பிப்போம்.

"ஏஞ்சாமி, இதென்ன காக்காய்க்கு வெச்சாப்ல இருக்குது? கூச்சப்படாத" என்று பெரிய கரண்டியைத் தேடி எடுத்துவந்தேன். அவள் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். எங்கள் ஊரில் அதற்கு இன்னும் கொஞ்சம் வை என்று அர்த்தம். விரலிடுக்கில் வைத்தேன். ஆரம்பித்த கை நிற்குமா? வரிசை முழுக்கப் போய்விட்டுத்தான் வந்தது.

வாளி வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிரம்பியது. காப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், இது பரிசோதனைங்களா, கல்யாணப் பந்திங்களா?" என்றார். மாணவி சின்னக் கரண்டியைக் கழுவி எடுத்து வைத்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

காப்பாளரிடம் கெஞ்சி இன்னொரு மதியம் வாங்கினேன். அன்று மாணவி என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து, தட்டைக் கொடுத்து, சின்னக் கரண்டியால் சோறு வைத்தாள்.

"பத்தலைன்னா கேளுங்க மேடம், தர்றேன்" என்றாள்.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்கட்டும் என்று நான் காத்திருந்ததே இல்லை. அன்று வாளி பாதிகூட நிரம்பவில்லை. காப்பாளர் கரண்டியை மாற்றச் சொல்லிவிட்டார். அந்த ஒல்லிப் பெண் தானாகவே எழுந்து வந்து மறுபடி மறுபடி சோறு கேட்டாள். ஒவ்வொரு முறையும் நான் உட்கார்ந்துதான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினாள்.