சந்தேகத்தை ஏமாற்றிய பட்டை

கல் அறுக்கும் பட்டறையில் யாராவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். ‘சந்தேகம்’ என்றால்தான் திரும்புவான். தீப்பெட்டி வாங்கினால்கூட ஒரு குச்சியைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் கடையை விட்டு நகர்வான். கைரேகை பார்க்கிறவர் ஒருவர் கையை நீட்டச் சொன்னபோது, “முதல்ல உங்க கையைப் பாருங்க. இந்த வெயில்ல தெருத்தெருவா அலைவீங்கன்னு அதுல போட்டிருந்துச்சா?” என்று கேட்டவன்.

அவன் ஓட்டியது மனைவியின் அண்ணனுடைய லாரி. நீண்ட மூக்கும் உருண்டை விளக்குகளும் கொண்ட, அவனைவிட வயதில் மூத்த வண்டி. பட்டறை மலைமேல் இருந்தது. அறுத்த கற்பலகைகளை ஏற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் ஊருக்குள் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் ஒன்றை மட்டும் நம்பினான், தன் முஷ்டியை. பாரம் ஏறியதும் வண்டிக்கு அடியில் குனிவான். பாரம் ஏற ஏற ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, பின் அச்சுக்கும் மேலே சட்டத்தில் தொங்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். அதில் மடக்கிய கையை நுழைப்பான். நுழைந்தால் பாரம் அளவு. இடித்தால் அதிகம், சில பலகைகள் இறங்கியாக வேண்டும். “ஏத்துறவன் எண்ணிக்கையில பொய் சொல்லுவான். ஸ்பிரிங் பட்டை சொல்லாது” என்பான். அதனால் பலகைகளை அவன் எண்ணுவதே இல்லை.

ஒருநாள் மச்சான் அவன் தோளில் கை போட்டார். “மாப்ளே, குலுங்கிக் குலுங்கி உன் முதுகு தேயுது. பின்பட்டையெல்லாம் மாத்திடலாம்.”

செருப்பு அறுந்தால் ஆணி அடித்துப் போட்டுக்கொள்கிற மனிதர் அவர்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது” என்றான் அவன், வீட்டில்.

அவன் மனைவி அதே பட்டறையில் கல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுபவள். “எங்க அண்ணன் கெட்டது செஞ்சா திட்டுறீங்க, சரி. நல்லது செஞ்சாலும் திட்டுனா எப்படி? ஒருநாளாவது சந்தேகப்படாம சாப்பிடுங்க.”

அவன் குழம்பை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

பட்டை வேலை செய்பவருக்கு ‘சம்மட்டி’ என்று பெயர். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தினார். போல்ட்டுகளைக் கழற்றியதும் பழைய பட்டைகள் சீட்டுக்கட்டுபோல் பிரிந்து விழுந்தன. புதியவை தடிமனானவை, வில்லாக வளைந்தவை. அவற்றின்மேல் கூடுதலாக ஒரு சின்ன அடுக்கு. பாரம் ஏறினால்தான் அது வேலைக்கு வரும்.

“முதுகுக்கு இதமா இருக்கணும்னா மெல்லிசா போடணும். இவ்வளவு தடி எதுக்கு?” என்றான் சந்தேகம்.

சம்மட்டி சிரித்தார். “உங்க மச்சானைக் கேளு. நான் இரும்போட மட்டும்தான் பேசுவேன்.”

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தால் பழையதைவிட மோசமாகத் தூக்கிப்போட்டது. சந்தேகம் வலுத்தது. ஆனால் பாரம் ஏற்றியதும் குனிந்து கையை நுழைத்தான். முஷ்டி தாராளமாக நுழைந்தது. எல்லோரையும் கேள்வி கேட்கிற மனிதன் தன் கையை மட்டும் கேட்கவில்லை. தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்க்காமலே கிளம்பினான்.

மூன்றாவது வளைவிலேயே கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே போனது. கியரைக் குறைத்தான். எஞ்சின் அலறியது. கீழே பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். வண்டியை மண்மேட்டில் உரசி, உரசி, ஒருவழியாக நிறுத்தினான்.

வண்டி ஆறட்டும் என்று நிறுத்திவிட்டு நேரே சம்மட்டியிடம் போனான்.

“பிரேக்குல கை வெச்சியா?”

“அந்தப் பக்கமே போகல. ஏன்?”

“அப்போ என்னதான் செஞ்ச?”

சம்மட்டி சுத்தியலைக் கீழே வைத்தார். “உங்க மச்சான் சொன்னதைத்தான். ‘ஒன்றரை மடங்கு ஏத்தினாலும் சந்தேகத்தோட முஷ்டி நுழையணும்’னாரு. அதுக்குத் தக்கபடி பட்டை சேத்தேன். உனக்கும் தெரியும்னு நெனச்சேன்பா.”

பட்டை பாரத்தைத் தாங்கிவிட்டது. நிறுத்த வேண்டியது என்னவோ அதே பழைய பிரேக்தான். அதைவிட அவனைச் சுட்டது வேறு. ஊரில் உள்ள ஒரு முஷ்டியை அளந்து, அதை ஏமாற்றுவதற்கென்றே இரும்பை வளைத்திருக்கிறார்கள்.

கருகிய பிரேக் லைனிங்கை மாற்றி, மறுநாள் பட்டறைக்கு வந்தான். லாரியில் மறுபடியும் ஒன்றரை மடங்கு கல் ஏறியிருந்தது. இந்த முறை தார்ப்பாயைத் தூக்கி ஒவ்வொன்றாக எண்ணினான்.

“நேத்து நடந்தது நடந்துபோச்சு மாப்ளே” என்றார் மச்சான். “எல்லாம் தலையெழுத்து. நம்ம கையில என்ன இருக்கு?”

“தலையில எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாது மச்சான். பட்டை சேக்கச் சொன்னது யாருன்னு தெரியும்.”

மச்சான் முகம் கறுத்தது. “பயமா இருந்தா சாவியைக் குடு. ஆயிரம் பேர் வருவான்.”

வருவான்தான். பசியோடு இருக்கிறவன் பிரேக்கைப் பற்றிக் கேட்கமாட்டான் என்ற தைரியம்தானே இந்த உலகத்து முதலாளிகளுக்கெல்லாம் மூலதனம். சந்தேகம் சாவியைக் கொடுக்கவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

“ஏறுங்க. சேந்தே இறங்குவோம்.”

“எனக்கு இங்க வேலை கிடக்கு.”

அறுக்கும் இயந்திரம் நின்றது. காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே அவன் மனைவி வந்தாள். முந்தின நாள் நடந்ததை அவன் அவளிடம் சொல்லியிருந்தான்.

“அண்ணே, பட்டை உறுதியாத்தானே இருக்கு?”

“மலையையே தாங்கும்மா.”

“அப்ப ஏறு.”

“நீ போய் வேலையைப் பாரு.”

“நீ ஏறப் பயப்படுற வண்டியில என் புருஷன் எதுக்கு உக்காரணும்? சொல்லுண்ணே. அவர் போயிட்டா வேற டிரைவர் வருவான். எனக்கு?”

கல் ஏற்றுகிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். மச்சான் தங்கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“இறக்குங்கடா” என்றார், யாரையும் பார்க்காமல்.

மனைவி சொன்ன பழைய எண்ணிக்கை வரும்வரை சந்தேகம் பக்கத்திலேயே நின்று எண்ணினான். கடைசிப் பலகை இறங்கிய பிறகும் திறந்த கதவை அவன் மூடவில்லை.

“அதான் இறக்கியாச்சே!”

“நாளைக்கும் இறக்கணுமே மச்சான். ஏறுங்க.”

ஏறினார். வேறு வழி இல்லை, தங்கை கதவைச் சாத்திவிட்டாள். வண்டி பட்டறை வாசலைத் தாண்டி மெல்ல இறங்கத் தொடங்கியது. முதல் வளைவு வந்ததும் மச்சான் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். அவர் பக்கத்தில் பிரேக் இல்லை.