எட்டுத் தொட்டில்கள்

எட்டுத் தொட்டில்களின் கொக்கிகளுக்கும் எண்ணெய் விட்டதுதான் தாயும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஞாயிற்றுக்கிழமை. ராசாத்தாள் கொக்கிகளைக் கழற்றி மஞ்சப்பையில் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். பம்பு கம்பெனியில் இன்ஜினியரான மகள் எழில் துருவைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“கொழந்தையே இல்லாத தொட்டிலுக்கு எண்ணெய் எதுக்கும்மா?”

“நாளான்னிக்கு இன்ஸ்பெக்சன் கண்ணு. ஆபீசரு ஆட்டிப் பாப்பாரு. கிறீச்சுன்னா எனக்குத்தான் மெமோ.”

சோமனூர்ப் பக்கம் ஓர் அரசு நூற்பாலையில் ராசாத்தாள் இருபத்திரண்டு வருடம் குழந்தைகள் காப்பக ஆயா. பெண் தொழிலாளிகள்மேல் நிர்வாகத்துக்கு அவ்வளவு கரிசனம்: எட்டுத் தொட்டில், சுவரில் யானைப் படம், ஓர் ஆயா. என்ன, நிரந்தரத் தொழிலாளிகளில் ஐம்பது வயதுக்குக் கீழே யாரும் மிஞ்சவில்லை. கைக்குழந்தை இருந்தது ஒப்பந்தப் பெண்களிடம். விதிப்படி அவர்கள் தொழிலாளிகளே அல்ல. கூட்டிப் பெருக்கும் பொற்கொடியின் ஒன்பது மாத மகள் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தில் கட்டிய சேலைத் தூளியில் கிடந்தாள். வாட்ச்மேன் ரசாக் போகும்போதும் வரும்போதும் ஓர் ஆட்டு ஆட்டுவார்.

இன்ஸ்பெக்சன் நாளில் மட்டும் அந்தக் குழந்தை உள்ளே வரலாம். அன்றைக்குப் பதிவேட்டில் அவள், ரீலிங் பிரிவு நிரந்தரத் தொழிலாளி சாந்தாமணிக்குப் பிறந்தவள். சாந்தாமணிக்கு வயது ஐம்பத்தேழு.

“ஏனுங்க்கா, ரிட்டயர்மெண்ட் மொதல்லயா, பாப்பாவுக்குக் காதுகுத்து மொதல்லயா?” என்று கேன்டீனே சிரிக்கும்.

ஒரு மழை நாளில் ராசாத்தாள் குழந்தையைத் தூக்கிவந்து தொட்டிலில் போட்டுவிட்டாள். மெமோ வந்தது: ‘அங்கீகாரம் பெறாத நபர் காப்பகத்தில் உறங்கியது கண்டறியப்பட்டுள்ளது.’ ஒப்பந்தப் பெண்களின் குழந்தைகளையும் சேர்க்கச் சொல்லி அவள் மூன்று மனு கொடுத்தாள். மூன்றும் நல அலுவலரின் பரிசீலனையில் இருந்தன.

“அந்தாளு படிக்கவே மாட்டான், உடும்மா” என்பாள் எழில்.

“படிக்கலீன்னா இன்னொண்ணு குடுக்கறேன். காயிதத்துக்கா பஞ்சம்?”

செவ்வாய்க்கிழமை ஆபீசர் வந்தார். தொட்டிலை ஆட்டினார். சத்தம் வரவில்லை. ‘சிறப்பான பராமரிப்பு’ என்று எழுதிப் போனார். வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்த ராசாத்தாள் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து, காப்பகச் சாவியைக் கொடுக்க எழில் ஆலைக்குப் போனாள். நல அலுவலர் கிருபாசங்கர் உருகினார்.

“அம்மா காப்பகத்த என்ன சுத்தமா வெச்சிருந்தாங்க தெரியுங்களா! ஒரு கறை இருக்காதுங்க.”

“கொழந்தை இருந்தாத்தானுங்க கறையாகும்.”

அவர் பேச்சைச் சாவிக்கு மாற்றினார். வேறு ஆயா போட மாட்டார்கள் என்றார். இன்ஸ்பெக்சனுக்குத் திறந்தால் போதும். அம்மாவின் டிபன் பையில் சாவியைத் துழாவியபோது நாலாக மடித்த ஒரு காகிதமும் வந்தது. நான்காவது மனு. எழில் சாவியையும் அதையும் மேசைமேல் வைத்தாள்.

கிருபாசங்கர் படித்துப் பார்த்தார்.

“மனுதாரர் நேர்ல வந்து குடுக்கோணுமுங்க. அதான் முறை.”

சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார். சாவி பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே தூறல். ரசாக் தூளிக்கு மேலே குடை கட்டிக்கொண்டிருந்தார். எழில் மனுவை மறுபடி மடித்தாள். ஓரத்தில் அம்மா பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘வியாழன். நேர்ல குடுக்கோணும்.’