எத்திராஜ் கடையில் என் முகம்

போன மாதம் எனக்கு ஒரு ஜலதோஷம். பெரிய விஷயமில்லை, ஆனால் ஒரு வாரத்துக்கு என் மூக்கு வெறும் அலங்காரமாக முகத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் காலையில் சமையலறையில் இருந்த காப்பியை எடுத்து ரசித்துக் குடித்து, "பிரமாதம்" என்றும் சொல்லிவைத்தேன். பால் அடிப்பிடித்துத் தெருமுனை வரை நாறியதால் கொட்டுவதற்காக ஓரம் வைத்திருந்த காப்பியாம் அது. இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்த பிரமாதங்களையெல்லாம் மனைவி அந்த நிமிஷமே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது தெரிந்தது. எனக்கோ உத்திரமேரூர் எத்திராஜ் நினைவுக்கு வந்துவிட்டார்.

உத்திரமேரூர் என்றதும் நீங்கள் கல்வெட்டைப் பற்றிக் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். குடவோலைத் தேர்தலைப் பற்றிப் படிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் அங்கே வருவார்கள். ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக அந்த ஊரில் குப்பை கொட்டிய காலத்தில் நான் அந்தக் கல்வெட்டு மண்டபத்துக்குப் போனது மழைக்கு ஒதுங்கத்தான். என் ஆராய்ச்சியெல்லாம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் நடந்தது. அதற்கு ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. அடுப்புப் புகை அதைத் தின்றுவிட்டதால் எல்லோருக்கும் அது எத்திராஜ் கடை.

முதலாளியும் அவரே, சமையல்காரரும் அவரே. பெரிய உடம்பு, சின்னக் குரல். பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வரும் விவசாயிகள், ஊர்க்கோடிக் குடியிருப்பிலிருந்து கூலிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் என்று யார் தூக்குவாளியை நீட்டினாலும், கேட்டதற்கு மேல்தான் குழம்பு விழும். மூடி போட முடியாமல் தவிப்பார்கள். போதும் என்றால், "வூட்ல இன்னும் ஆளு கீறாங்க இல்ல, எடுத்துக்கினு போ" என்பார்.

எனக்கு நடந்த உபசாரம் இன்னும் ஒரு படி மேல். காலையில் கடை திறந்ததும், வேறு யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால் என்னை உட்காரவைத்து இலை போடுவார். ஒரு கரண்டி சாம்பார், கொஞ்சம் சட்னி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். நான் இரண்டு வாய் விழுங்கிய பிறகு உள்ளே போவார். அதற்கப்புறம்தான் வியாபாரம்.

இது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்போது ஒரு வாரப்பத்திரிகையில் என்னுடைய துணுக்கு ஒன்று வந்திருந்தது. ஆகவே இது இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதை என்று முதலில் முடிவு கட்டினேன். எத்திராஜ் பத்திரிகையை வடை கட்ட மட்டுமே பயன்படுத்துகிறவர் என்று தெரிந்ததும், அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கவேண்டும் என்று ஊகித்தேன். இரண்டு புதுச் சட்டை எடுத்த பிறகு, அவருக்குப் பிறந்ததெல்லாம் பையன்கள் என்று தெரியவந்தது.

இதற்கு நேர்மாறாக ஒருவர் இருந்தார். மாட்டுத் தரகர் தணிகாசலம், எத்திராஜோடு ஒன்றாகப் படிப்பை நிறுத்தியவர். தினமும் வந்து தினமும் திட்டுவார். "இன்னாய்யா இது, பாலாத்துத் தண்ணிய அப்படியே மொண்டு ஊத்திக்கினு கீற?" எத்திராஜ் கோபப்படாமல் காதுகொடுத்துக் கேட்டுக்கொள்வார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் காலையில் வடை வைத்தார். கடித்ததும் மண்ணெண்ணெய். மாவில் எங்கிருந்தோ சிந்தியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் இலையை இழுத்துக்கொண்டு, குனிந்து, "இன்னா வாசனை சார் அடிக்குது?" என்று கேட்டார். கடித்த கணமே குப்பென்று நாறிய ஒன்றை, அந்த வடையைச் சுட்டவரே என்னைக் கேட்டார்.

கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். டைபாய்டு வந்து பிழைத்த வருஷம் மூக்கு போய்விட்டதாம். காஞ்சிபுரத்தில் காட்டியாயிற்று, மெட்ராஸிலும் காட்டியாயிற்று. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிகிறது; கருகல், ஊசல், எண்ணெய்ச் சிக்கு எல்லாம் மூக்கு சொல்லவேண்டிய சேதி. அதற்கு ஆள் இல்லை.

வீட்டில் ருசி பார்க்கச் சொல்லக்கூடாதா என்றேன்.

"எம் பொஞ்சாதியா? நான் குடுத்தா மண்ணு கூட நல்லா கீதும்பா. உங்க மூஞ்சி அப்டி இல்ல சார். அதுக்குப் பொய் சொல்லத் தெர்ல. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க. மூக்கு இல்லாதவன் கடைக்கு யாரு வருவா?"

என் முகத்தைப் பற்றி அதுவரை யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேலதிகாரி பேசும்போது என்ன நினைக்கிறேன் என்று காட்டிக்கொடுத்து, இரண்டு முறை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வாங்கித் தந்த முகம் அது. அப்படிப்பட்டது ஓர் ஓட்டலை நடத்திக்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று இன்றுவரை யோசிக்கிறேன். அதைவிட ஆச்சரியம், ஒரு கூட்டம் போடாமல், குடத்தில் ஓலை போடாமல், ஊரே சேர்ந்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியதுதான்: இனி எத்திராஜிடம் யாரும் குறை சொல்வதில்லை. ரசம் எப்படி இருந்தாலும் அருமை. சட்னி ஊசினாலும் ஜோர். தணிகாசலம்கூடத் திட்டை நிறுத்திக்கொண்டார். எத்திராஜ் கலங்கிப்போய் என்னிடம் வந்தார். "இன்னா சார், நாலு நாளா ஒருத்தனும் திட்ட மாட்டேன்றான்? பயமா கீது." காலையில் நான் பார்ப்பது முதல் ஈடுதான். மதியச் சமையலுக்கு அவர் இந்த ஏச்சுப்பேச்சை நம்பித்தான் கை நிதானம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அலுவலக வேலையாகச் செங்கல்பட்டு போய் ஒரு மதியம் திரும்பினேன். பேருந்திலிருந்து இறங்கும்போதே கருகல் வாடை. கடை நிறைந்திருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். தணிகாசலம் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு, "நல்லா கீது நைனா" என்றார். வாசற்படியில் கால் வைத்த என்னை எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார். என் முகம் தன் கடமையைச் செய்தது. அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் அத்தனை இலைகளையும் பார்த்தார். வாளியைத் தரையில் வைத்தார்.

"எனுக்கு மூக்கு செத்துப்போனது உங்களுக்குத் தெரிஞ்சி கீது. சர்தான். ஆனா கருகினத நல்லா கீதுன்னு துன்னுட்டுப் போனீங்கன்னா, நாளைக்கு ஒரு வெளியூர்க்காரன் துப்பிட்டுப் போவான். அதோட என் கடை முடிஞ்சிது. நான் நல்லா இருக்கணும்னா திட்டுங்கப்பா."

தணிகாசலம்தான் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "நாத்தம் புடுங்குதுய்யா. மாடு கூட மோந்துட்டு மூஞ்சத் திருப்பிக்கும். உனுக்காவ ரெண்டு கரண்டி ஊத்திக்கினேன் பாரு, என்னச் சொல்லணும்."

மூலையிலிருந்து ஒரு குரல், நேற்று ரசமும் சரியில்லை என்றது. "அத நேத்தே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று எத்திராஜ் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். அவர் கண்ணில் தண்ணீர்; வாயில் சிரிப்பு. அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மறுபடி உலை வைத்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

அன்று சாயங்காலம் பேருந்துக்கு நின்ற தணிகாசலத்திடம், மூக்கு விஷயம் அவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொதல்லயே தெரியும். அதுக்குத்தான தெனம் வந்து திட்டிக்கினு இருந்தேன்."

பிறகு ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"ஊரே நல்லா கீதுன்னு சொல்லும்போது நான் ஒருத்தன் மட்டும் திட்டினா, ஈவு இரக்கம் இல்லாதவன்னுவாங்க சார்."

அந்த வருஷக் கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது. கடை அதன் பிறகும் பல காலம், திட்டு வாங்கியே, நன்றாக ஓடியதாகக் கேள்வி. எத்திராஜ் இறந்த பிறகு பையன்கள் இடத்தை விற்றுவிட்டார்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிப் பெட்டிகளோடு ஒரு பேக்கரி. ஒரு முட்டை பப்ஸ் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் சில்லறையை நீட்டிவிட்டுக் கைபேசிக்குத் திரும்பிக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் அவரவர் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடி கடித்தேன். சிக்கெடுத்த எண்ணெய். என் முகம் என்ன செய்ததோ, பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.