மூத்தவளுக்கு வாங்கிய புடவை

நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர், வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆபீஸில் என்னோடு சாப்பிடும் தோழி, அவருக்கு வேண்டியது நீயா இந்த ஊரா என்று நன்றாக யோசித்துக்கொள் என்றாள். யோசித்துவிட்டேன், இரண்டும்தான் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் ஒரு மத்தியானம் லிஃப்டுக்குள் நான் தனியாக மாட்டிக்கொண்டேன். பயத்தில் முருகா முருகா என்று நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "பயப்படாதேங்கோ, நான் நிக்கிறன்" என்று ஒரு குரல் வந்தது. கதவு திறக்கும்வரை அந்தக் குரல் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தது. எங்கள் அறிமுகம் அப்படித்தான்.

தனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. தேக்கா சந்தையில் முதன்முதலாக டீ குடிக்கப் போனபோதே சொல்லிவிட்டார். மனைவி இப்போது எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். கோபித்துக்கொண்டு போனவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னார். போரின் கடைசி நாட்களில் அவர் கொழும்பில் வேலையில் இருந்திருக்கிறார். மனைவி தன் அம்மாவோடு வன்னியில் இருந்திருக்கிறாள். சனத்தோடு சனமாக நடந்து வந்த வழியில் அம்மாவை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, இதிலேயே இருங்கோ, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவள் திரும்பி வரவேயில்லை. பார்த்தவர்கள் யாருமில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த அம்மா மரத்தடியை விட்டு எழுந்திருக்க மறுத்து, மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்ததாம்.

அந்த அம்மாவுக்கு வேறு பிள்ளைகள் இல்லை. அவரை மாமி என்று அழைத்து ஞாயிறுதோறும் இவர் போனில் பேசுவார். மகள் இல்லாமலே அந்த மருமகன் உறவு நடந்துகொண்டிருந்தது.

இவருடைய கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு அவசரம் வந்தது. பொங்கலுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்து, நீண்டகால வருகை அனுமதிக்கு நான் விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். போய்விட்டால் திரும்ப வருவது யார் கையில் இருக்கிறதோ. விவரம் கேட்கப் போன பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் விசாரித்தார். டைவர்ஸா, மனைவி இறந்துவிட்டாரா? இரண்டில் எதுவானாலும் அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

இறப்பைப் பதிய இவர் ஊரில் விசாரித்தார். கடைசியாக அவளைப் பார்த்தவர் போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்களாம். கடைசியாகப் பார்த்தவர் மாமிதான். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் வந்து கேட்டும், என்ர பிள்ளை செத்ததை நான் பார்க்கேல்லை, பார்க்காததை எழுதிக் குடுக்க மாட்டன் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். விவாகரத்து செய்யலாமே என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவ என்ன பிழை செய்தவ என்று இவர் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் இவர் மாமியிடமே கேட்டார். மாமி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

இங்கேதான் என் அம்மா உள்ளே வந்தார். ஆங் மோ கியோ வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் இரண்டாம் தாரமாகப் போகிறவள் முதலில் மூத்தவளுக்குப் படைக்க வேண்டும். மூத்தவளுடைய படத்துக்கு மாலை போட்டு, புதுப் புடவை வைத்து விளக்கேற்றிக் கும்பிட்டு, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவள் நிம்மதியாக இருக்க விடமாட்டாள். அம்மா சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பட்டுப் புடவை வாங்கினார். நல்ல கிளிப்பச்சை, மாம்பழ நிறத்தில் கரை. என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிய முதல் புடவை அது. வாங்கியது எனக்காக இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

அந்த ஞாயிறு அம்மாவும் நானும் அவருடைய வாடகை அறைக்குப் போனோம். அலமாரிமேல் அவள் படம் இருந்தது. அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, அதனால் முகம் கொஞ்சம் மங்கல். இருபத்தைந்து வயது இருக்கலாம். இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு இவர் டீ வாங்கக் கீழே போனார். அவர் திரும்பி வருவதற்குள் அம்மா பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், புடவை. படத்துக்குத் தேக்காவில் கட்டி வாங்கிய மல்லிகை மாலை. விளக்கும் ஏற்றியாகிவிட்டது. அவர் வந்ததும் சேர்ந்து கும்பிடலாம் என்றார் அம்மா. எனக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, அவர் வைத்துவிட்டுப் போயிருந்த போன் அடித்தது. மாமி. வீடியோ. மருமகள் மாதிரி மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்து நானே எடுத்து, வணக்கம்மா என்றேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். மெலிந்த முகம். பொட்டில்லாத நெற்றி. பின்னால் தெரிவது என்னவென்று பிடிபடாதவர்போல் போனுக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"ஆர் என்ர பிள்ளைக்கு மாலை போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு போய்விட்டது. இவர் டீயோடு வந்தவர், வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். விளக்கை அணைத்தார். மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். செத்தவளுக்கு மரியாதை செய்தது தப்பா தம்பி என்று அம்மா கேட்டார்.

"செத்தவ எண்டு ஆர் அம்மா சொன்னது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு மாமி போனை எடுப்பதில்லை. வாரங்கள் ஓடின. தீபாவளி விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் கோபித்துக்கொண்டாள் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார். புடவையை என் அலமாரிக்குள் வைத்துவிட்டு அதைத் தொட மாட்டேன் என்றார். அவருக்குச் செத்தவளைப் பார்த்துப் பயம். எனக்கு உயிரோடு இருப்பவளைப் பார்த்துப் பயம். சிராங்கூன் சாலையில் நடக்கும்போது இவர் கண் எதிரே வரும் பெண்களின் முகங்களில் ஒரு நொடி நின்றுவிட்டு நகரும். வெகுநாளாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், நான்தான் கவனிக்கவில்லை. இப்போது நானும் பார்க்க ஆரம்பித்தேன். ரயிலில், பாலிகிளினிக்கில், கோயில் வரிசையில், இடது புருவத்தின் மேல் மச்சம் இருக்கிறதா என்று தேடினேன். அவள் கிடைக்க வேண்டும் என்று இவர் தேடினார். கிடைக்கக் கூடாது என்று நான் தேடினேன். அவள் செத்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட நாட்கள் அவை. வேண்டிக்கொண்ட கையோடு, யாரோ கேட்டுவிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு நாள் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து என் நம்பரிலிருந்து மாமிக்குப் போன் போட்டேன். தெரியாத நம்பரென்றால் மாமி உடனே எடுத்துவிடுவார் என்று இவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்து அவர் சொன்ன ஹலோ யாருக்கானது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான்தான் பேசுகிறேன் என்று சொன்னபோது அந்தக் குரல் தளர்ந்துபோனதையும் கேட்டேன். அதைவிடப் பெரிய கொடுமை எதையும் அந்த அம்மாவுக்கு நான் செய்திருக்க முடியாது.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அம்மா பயத்திலும் மரியாதையிலும்தான் செய்தார் என்றேன். சான்றிதழைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மாமி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, அந்தத் தட்டில் இருந்த சீலை என்ன நிறம் என்று கேட்டார். கிளிப்பச்சை என்றேன்.

"அவளுக்குப் பச்சை எண்டா உயிர்" என்றார். பிறகு சொன்னார்: "நான் போய் எழுதிக் குடுக்கிறன் பிள்ளை. அவனும் எத்தனை நாளைக்குத் தனிய இருக்கிறது? கடுதாசியில அவள் சாகட்டும். படத்தில சாகக் கூடாது. மாலை போடாதேங்கோ."

சரிம்மா என்றேன்.

"அந்தச் சீலையையும் நீங்கள் கட்டாதேங்கோ. அவளுக்கெண்டு வாங்கினது. வந்தா கட்டட்டும்."

சான்றிதழ் வந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்தோம், கோயிலில் தாலி கட்டினார். அம்மாவே எனக்கு வேறொரு புடவை வாங்கித் தந்தார். அனுமதியும் கிடைத்தது. புக்கிட் பாஞ்சாங்கில் வீடு பார்த்துக் குடிபோனோம். அவள் படம் கூடத்து அலமாரிமேல், வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி என்னோடும் பேசத் தொடங்கினார். போனை வைக்கும் முன் மறக்காமல், சீலையை மடிச்சு வச்சனீங்களோ என்று கேட்பார். பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் விட்டுவிட்டால் மடிப்பில் இற்றுப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

போன வருடம் மாமி போய்விட்டார். அவர் படத்தையும் அந்த அலமாரிமேல் வைத்தோம். வெள்ளிக்கிழமை தேக்காவுக்குப் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து தாய்க்குப் போடுவேன். பக்கத்தில் மகள் பூவில்லாமல் இருப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளை யார் என்று கேட்டால், இவருடைய மனைவி என்று சொல்கிறேன். அவர்கள் குழம்பினால் குழம்பட்டும்.

இவருடைய அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போது ஃபைலை எடுப்பேன். அவள் இறந்துவிட்டாள் என்று அரசு முத்திரை வைத்துச் சொல்லும் தாள் அதற்குள் இருக்கிறது. கேட்டாலும் கேட்பார்கள் என்று அதையும் எடுத்து மேசையில் வைப்பேன். வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டு அலமாரியைத் திறந்து அந்தப் பச்சைப் புடவையை வெளியே எடுப்பேன். கேட்பதற்கு இப்போது யாருமில்லை. ஆனாலும் கட்டிலில் விரித்து, பழைய மடிப்புகளைக் கையால் நீவி, வேறு மடிப்பில் மடித்து வைக்கிறேன். அவள் வந்து கட்டும்போது எங்கேயும் கிழிந்திருக்கக் கூடாது.