சேலத்துக் கம்பெனியா, நாமக்கல் பட்டறையா

எங்கள் கார் நின்றுபோகும்போது முரண்டு பண்ணாது. இரண்டு தும்மல் தும்மும், ஒரு குலுங்கு குலுங்கும், அப்புறம் பெரிய மனுஷன் கண்ணயர்ந்த மாதிரி ரோட்டோரம் அமர்ந்துவிடும்.

நானும் என் மனைவியின் அண்ணனும் கூட்டாக வாங்கிய பழைய கார் அது. யுத்தத்துக்கு முந்தின காலம். கொல்லிமலை மேலே கார் ஏறுகிற ரோடு அப்போது இல்லை. மலைக்காரர்கள் பலாவும் வாழைத்தாரும் மிளகும் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்குவார்கள். அடிவாரத்தில்தான் எங்கள் ஊர். அங்கிருந்து சரக்கை நாமக்கல் சந்தைக்குக் கொண்டுபோவது எங்கள் பிழைப்பு. ஆடி பதினெட்டு சமயத்தில் மட்டும் சரக்கை நிறுத்திவிட்டு, மலைமேல் அறப்பளீஸ்வரரைப் பார்க்க வருகிறவர்களை நாமக்கல்லிலிருந்து அடிவாரம் வரை ஏற்றிவருவோம். மச்சான் ஓட்டுவார். ஏற்றி இறக்குவதும் பூசை போடுவதும் என் பொறுப்பு.

பூசையில் நான் குறை வைத்ததே இல்லை. கார் கிளம்புகிற நாளெல்லாம் விடியக் குளித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்குப் பூச்சரம், சந்தனம், குங்குமம். மாட்டுக்கு நெற்றி எதுவென்று தெரியும், காருக்கு எங்கே வைப்பது என்று முதல் நாள் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. முகப்பில் ஒன்று என்று முடிவானது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பின்னால் இருக்கிற பெட்ரோல் மூடிதானே அதன் வாய்? பெட்ரோல் ஊற்றும்போது நாமக்கல் கடைத்தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. சாப்பிடுகிற வாயில் கண் பட்டால் உடம்புக்கு ஆகுமா? ஆகவே இருப்பதிலேயே பெரிய பொட்டை மூடிக்கு வைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாக அரைத்து, கட்டைவிரலால் அழுத்தி.

கொஞ்ச நாளில் கார் நிற்க ஆரம்பித்தது. ஊரை விட்டுச் சிரித்துக்கொண்டு கிளம்பும். புளியமரச் சாலை தாண்டியதும் தும்மும். மச்சான் இறங்கிப் பின்னால் போய் மூடியைத் திறப்பார். ‘உஸ்ஸ்’ என்று கார் ஒரு பெருமூச்சு விடும். குச்சியை விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். அதே நேரம் நான் முன்னால் நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருப்பேன். மறுபடி ஹேண்டிலைச் சுற்றினால் கிளம்பிவிடும்.

“பாத்தீங்களா மச்சான், கற்பூரம் காட்டினதும் கெளம்பிருச்சு.”

“அப்ப இனிமே பெட்ரோல் எதுக்குங்க மாப்ள? கற்பூரத்தையே வாங்கி உள்ள போட்டுரலாம்.”

இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடி நிற்கும். மறுபடி பெருமூச்சு, மறுபடி கற்பூரம். மலைமேல் அரியூர் நாட்டிலிருந்து தார் இறக்கிவரும் ஒரு மலைக்காரர் தன் சரக்கோடு கூடவே வருவார். ஒரு நாள் மூன்றாவது தடவை நின்றபோது அவர் இறங்கி, தாரைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“நீங்க மெதுவா வாங்க சாமி. நான் முன்னால போயி வித்துப்போட்டு, வார வழியில உங்களப் பாக்கறனுங்க.”

அந்தப் பேச்சு சந்தை முழுக்கப் பரவிவிட்டது. இனியும் காரை வைத்தியரிடம் காட்டாமல் இருக்க முடியாது. எந்த வைத்தியர் என்பதில்தான் தகராறு. சேலத்தில் அந்தக் காரைச் செய்த கம்பெனியின் ஏஜெண்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நாமக்கல்லில் வேப்பமரத்தடியில் ஒரு மேஸ்திரி தனியாகப் பட்டறை போட்டிருந்தார்.

“பெத்தவங்களுக்குத்தானுங்க புள்ளையோட சீக்குத் தெரியும். கம்பெனிக்கே போலாம்,” என்றார் மச்சான்.

எனக்கு மேஸ்திரி மேல்தான் நம்பிக்கை. காரணம் கேட்டால் சொல்லக் கூச்சம்தான். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார்.

மச்சான் மூத்தவர் என்பதால் முதலில் சேலம் போனோம். அங்கே காருக்கு நிழல், எங்களுக்கு வெயில். நோயை நாங்கள் குமாஸ்தாவிடம் சொல்ல, குமாஸ்தா உள்ளே போய் ஒருவரிடம் சொல்ல, அவர் காரைப் பார்க்காமலே கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்றார். மாற்றினார்கள். கடைசியில் காரைக் கழுவித் துடைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து விட்டார்கள். ஊர் வரைக்கும் ஒரு தும்மல் இல்லை. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் வழக்கத்தைவிடச் சந்தனம் கூடவே அரைத்துப் பூசை போட்டேன். புளியமரச் சாலை தாண்டியதும் நின்றது.

“பெத்தவங்க கை வுட்டுட்டாங்களாட்ட இருக்குது,” என்றேன். மச்சான் மூடியைத் திறக்கப் பின்னால் போனார்.

அடுத்து என்ன செய்வதென்று சாமியிடமே கேட்டுவிடுவதாகச் சொல்லி, கோயிலில் பூப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ சேலம், சிவப்புப் பூ நாமக்கல். சிவப்பு வந்தது. மேஸ்திரி எஞ்சின் மேல் மூடியைத் தூக்கி, காதை வைத்துக் கேட்டார். மோந்து பார்த்தார்.

“கார்புரேட்டர ஏனுங்க மாத்துனீங்க? அது தங்கமாட்ட இருந்திருக்குமே! இது ஒயர் கோளாறுங்க.”

ஒயரை மாற்றி, பெட்ரோலில் நனைத்த துணியால் காரை உச்சி முதல் வால் வரை துடைத்துக் கொடுத்தார். வழியில் நிற்காமல் வீடு வந்தோம். வாசலில் என் மனைவி செய்தியோடு நின்றாள். பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. எங்களுக்குத் தீட்டு. தீட்டுக் கழிகிற வரை நானோ அவளோ பூசை போடக் கூடாது. மச்சான் வேறு குலம், அவர் போடலாம். ஆனால் அவருக்குத் திருநீறு பூசவே சோம்பல்.

தீட்டு நாள் முழுக்கக் கார் பறந்தது. சந்தையில் முதல் தார் எங்களுடையதுதான். நான் போகிற இடமெல்லாம் மேஸ்திரியையும் சிவப்புப் பூவையும் புகழ்ந்தேன். தீட்டுக் கழிந்தது. ஆடி பதினெட்டு நெருங்கிவிட்டது. ஆசை தீர ஒரு பூசை போட்டேன்.

நின்றது. அதே புளியமரச் சாலை.

மச்சான் ஸ்டீரிங்கில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார். “மாப்ள, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. தீட்டு வந்தா ஓடுது. பூசை போட்டா நிக்குது. உங்க பூசை அந்தச் சாமிக்கு வேண்டாமாட்ட இருக்குதுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கையிலிருந்த கற்பூரத்தைத் திரும்பப் பையில் போட்டேன். அதோடு இன்னொன்றும் சொன்னார். அரிசி மில்காரர் ஒருவர் எங்கள் எஞ்சினை விலைக்குக் கேட்கிறாராம். ஒன்று, ஆடி பதினெட்டுக்குப் பூசையில்லாமல் கார் ஓட வேண்டும். இல்லையென்றால் பூசை போட்டுக்கொண்டு நான் காரை மில்லுக்கு அனுப்ப வேண்டும். காரை இழந்தால்கூடப் பிழைத்துக்கொள்வேன். என் கைப் பூசையைச் சாமி தள்ளிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? அன்று மதியம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி கேட்டாள். “எதாவது ஒரு புள்ளைக்குச் சாப்பாடு சேரலைன்னா என்னுங்க பண்ணுவோம்? ஒட்டுக்கா எல்லாத்தையுமா நிறுத்துவோம்? ஒண்ணொண்ணாக் குடுத்து, எது சேரலைன்னு பாக்கமாட்டமா? காரக் கழுவிப்போட்டு, பூசையவும் ஒண்ணொண்ணா வெச்சுப் பாருங்க. நானும் வாரேன்.”

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் தங்கை முதல் தடவையாகக் காரில் ஏறுகிறாள் என்று சம்மதித்தார். கழுவிய காருக்கு எலுமிச்சம்பழம் மட்டும் வைத்துப் புளியமரச் சாலை தாண்டிப் போய்வந்தோம். ஓடியது. பூச்சரம் போட்டோம். ஓடியது. முகப்புக்குச் சந்தனம், குங்குமம். ஓடியது.

“அறப்பளீஸ்வரா,” என்று சொல்லிக்கொண்டே பெட்ரோல் மூடிக்குக் கட்டைவிரலை அழுத்தினேன்.

தும்மியது. குலுங்கியது. நின்றது.

மச்சான் போய் மூடியைத் திறந்தார். ‘உஸ்ஸ்.’

“அது என்னுங்கண்ணா மூச்சு வுடுது?” என்றாள் அவள்.

“அது எப்பவும் வுடறதுதான்,” என்றவர், சொன்னவுடனே மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் ஊசிக்கண் அளவு ஓர் ஓட்டை. அதற்குள்ளும் என் சந்தனம் இறுகிக் கிடந்தது. மனைவி தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

“தேங்காய்க்கு ஒரு கண்ணு மட்டும் தொறந்தா தண்ணி வருங்களாண்ணா? காத்து உள்ள போவறதுக்கு வழி வேணுமில்லீங்க?”

எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்ததில் ரோட்டில் போன மாட்டு வண்டி நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சாமிக்கு என் மேல் கோபமே இல்லை. நான்தான் அன்பு மிஞ்சி மூக்கை அடைத்திருக்கிறேன்!

பிறகு சேலத்துக் குமாஸ்தாவிடம் சொன்னபோது, அந்த ஓட்டை காற்றுக்கென்றே கம்பெனி வைத்தது என்று பெருமைப்பட்டார். மேஸ்திரியோ, தான் அன்றைக்கே அதைத் துடைத்துக் குணமாக்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது பொய்யில்லை. இன்றுவரை எது உசத்தி என்று எனக்குத் தெரியாது.

ஆடி பதினெட்டு விடியலில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தேன். எனக்கு முன்னால் மச்சான் காரின் பின்னால் நின்று, பெட்ரோல் மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

“எங்க வேணும்னாலும் வைங்க மாப்ள. இங்க மட்டும் வேண்டாம்.”

நான் அவருடைய புறங்கையில் ஒரு பொட்டு வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அதைத் துடைக்காமலே அன்று முழுக்கக் கார் ஓட்டினார்.